முயலுக்கு ஊசி போட்டாச்சு என்றால், எந்த ஊசி?

வீட்டில் முயல் வளர்க்கிறீர்களா? அதன் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். நாங்கள் இருப்பது தெற்கு லண்டனில், சட்டன் பக்கம். இங்கே நம்மவர்கள் நிறையப் பேர் பிள்ளைகளுக்காக முயல் வாங்கியிருக்கிறார்கள். நாய் வளர்த்தால் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் சிரமம். முயல் குரைக்காது, புல்லும் கீரையும் தின்னும், பிள்ளைகள் மடியில் வைத்துக் கொஞ்சலாம். நாங்களும் 2017 வசந்தத்தில் அப்படித்தான் ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டை வாங்கினோம். வெள்ளையாக இருந்ததற்குப் பஞ்சு என்றும், சாம்பலும் கறுப்புமாக இருந்ததற்கு மிளகு என்றும் மகள் பெயர் வைத்தாள்.

வாங்கிய சில நாட்களில் அருகிலிருந்த ஒரு வெட்டிடம் (கால்நடை மருத்துவரிடம்) கொண்டுபோய் ஊசி போட்டோம். மிக்ஸோமடோசிஸ், ஆர்.ஹெச்.டி. (முயல் ரத்தக்கசிவு நோய்) என்ற இரண்டு நோய்களையும் ஒரே ஊசி தடுக்கும் என்றார்கள். அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். மறு வருடம் நினைவூட்டல் கடிதம் வந்தது, போய் பூஸ்டரும் போட்டோம். முயலுக்கெல்லாமா ஊசி போடுவார்கள் என்று ஊரிலிருந்து என் மாமியார் ஆச்சரியப்பட்டார். இங்கே அப்படித்தான் அத்தை, பிள்ளைகளுக்குப் போடுகிற மாதிரி வருடா வருடம் போட வேண்டும் என்று நான் பெருமையாகவே சொன்னேன். போட வேண்டியதைப் போட்டாகிவிட்டது என்ற நிம்மதியோடுதான் இருந்தோம்.

2018 கோடை இங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். வாரக்கணக்கில் வெயில், புல்வெளியெல்லாம் வைக்கோல் நிறமாகிவிட்டது, ஈக்கள் எக்கச்சக்கம். என் கணவர் அவருடைய அப்பாவின் அறுவை சிகிச்சைக்காகத் திருச்சி போயிருந்தார். நானும் 9 வயது மகளும்தான் வீட்டில். ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டாலே ஓடிவரும் மிளகு மூலையிலேயே உட்கார்ந்திருந்தது. இலையை வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெயிலால் சோர்ந்திருக்கிறது என்று நினைத்து, தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒன்பது மணிக்குக் காதைத் தொட்டுப் பார்த்தால் நெருப்பாகச் சுட்டது. மூச்சு வேகமாக வாங்கியது. பஞ்சு மட்டும் எதுவும் நடக்காதது போல ஹே (காய்ந்த புல்) தின்றுகொண்டிருந்தது.

முயல் சாப்பிடுவதை நிறுத்தினால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவே கூடாது. அதன் குடல் ஓடிக்கொண்டே இருந்தால்தான் உயிர் ஓடும். அரை நாள் எதுவும் தின்னவில்லை என்றாலே அவசரம்தான். எங்கள் வெட் இரவில் கிடையாது. தொலைபேசியை எடுத்தால், இரவு நேரத்துக்கு இன்னொரு மருத்துவமனையின் எண்ணைச் சொல்லும் பதிவுக்குரல்தான் வந்தது. பாதித் தூக்கத்திலிருந்த மகளை எழுப்பிக் காரில் உட்காரவைத்து, அவள் மடியில் முயல் கூடையை வைத்துக்கொண்டு அங்கே போனேன். அன்றே ஒரு முடிவெடுத்தேன். முயல் வைத்திருக்கும் எல்லோரும் இரவில் எங்கே போக வேண்டும், அங்கே முயல் பார்க்கத் தெரிந்தவர் இருப்பாரா என்பதை முன்கூட்டியே கேட்டு, எண்ணைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டி வையுங்கள். இங்கே பல மருத்துவமனைகளில் நாயும் பூனையும்தான் அன்றாட வேலை. முயல் 'எக்ஸாட்டிக்' (வழக்கத்துக்கு மாறான பிராணிகள்) கணக்கில் போய்விடும்.

அங்கே இருந்த இளம் மருத்துவர் மிகப் பொறுமையாகப் பார்த்தார். காய்ச்சல் 41 டிகிரிக்கு மேல். தோலுக்கடியில் திரவம் ஏற்றினார், வலிக்கு மருந்து கொடுத்தார். வெப்பத்தாக்கமாகவும் இருக்கலாம், வேறு தொற்றாகவும் இருக்கலாம், ஊசியெல்லாம் போட்டிருக்கிறதா என்று கேட்டார். அட்டையைக் காட்டினேன். அவர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். விடிவதற்கு முன்னால் மிளகு இரண்டு மூன்று முறை உடம்பை வெட்டி இழுத்தது, அவ்வளவுதான். மூக்கின் ஓரத்தில் ஒரு துளி ரத்தம் இருந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

அந்த ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் மருத்துவர் அட்டையைத் திரும்பக் கேட்டு வாங்கினார். "இதில் இருப்பது ஆர்.ஹெச்.டி. முதல் வகைக்கு மட்டும். இரண்டாம் வகைக்குத் தனி ஊசி. அது போடப்பட்டதாக இதில் இல்லை" என்றார். எனக்குப் புரியவே இல்லை. நான் காசு கொடுத்து, தேதி தவறாமல் போட்ட ஊசி எந்த நோய்க்கு என்று அட்டையில் எழுதியிருந்ததோ, அதே பெயருள்ள நோயில்தான் என் முயல் செத்துக் கிடக்கிறது. எங்களுக்கு வழக்கமாக ஊசி போட்ட இடத்தில், இரண்டாவது ஊசி ஒன்று இருக்கிறது என்ற பேச்சே வந்ததில்லை. அந்த மேசை முன்னால் நின்றபோது எனக்கு வந்த கோபம் இன்றும் முழுதாகத் தணியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்.ஹெச்.டி. என்பது முயலின் கல்லீரலைத் தாக்கி, உடலுக்குள் ரத்தக்கசிவை உண்டாக்கும் வைரஸ் நோய். இங்கே சிலர் இதையே வி.ஹெச்.டி. என்றும் சொல்வார்கள். 1984-ல் சீனாவில், ஜெர்மனியிலிருந்து இறக்குமதியான அங்கோரா முயல்களிடையேதான் முதலில் தெரியவந்தது. 1992-ல் பிரிட்டனில் தென்பட்டது. அதற்கு ஊசி வந்து, முறையாகப் போட்டவர்கள் தப்பித்தார்கள். பிறகு 2010-ல் பிரான்ஸில் அதே வைரஸின் இன்னொரு வகை கிளம்பியது. பழைய ஊசி அதை நம்பும்படியாகத் தடுக்கவில்லை. பழைய வகை பச்சைக் குட்டிகளைப் பெரும்பாலும் விட்டுவிடும், புதியது அவற்றையும் கொல்லும். சில ஆண்டுகளில் அது பிரிட்டன் முழுக்கப் பரவியது. இரண்டு வகையையும் தடுக்கும் ஃபிலாவாக் என்ற ஊசி, மிளகு சாவதற்கு முன்பே இந்த நாட்டுக்கு வந்துவிட்டது. எல்லா மருத்துவமனைகளும் அதை வாங்கி வைக்கவில்லை என்பதுதான் விஷயம். பல டோஸ் உள்ள குப்பியாக வாங்கினால், திறந்ததும் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஒரு முயலுக்காக அதை உடைத்தால் மீதி வீண் என்பதால், சில இடங்களில் முயல்களைச் சேர்த்து ஒரே நாளில்தான் போட்டார்கள்.

அந்த நேரத்தில் நான் அழுவதைவிடப் பஞ்சுவைப் பற்றி யோசிக்க வேண்டியிருந்தது. உடலைப் பரிசோதித்துக் கல்லீரல் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், அதற்கு 140 பவுண்டு ஆகும் என்றார்கள். இரவு மருத்துவத்துக்கு ஏற்கெனவே 260 பவுண்டு கட்டியிருந்தேன். செத்துப்போன முயலுக்கு இன்னும் செலவா என்று தயங்கித் திருச்சிக்குப் போன் போட்டேன். "பணத்தைப் பாக்காத. இன்னொண்ணு இருக்குல்ல, டெஸ்ட் பண்ணச் சொல்லு" என்றார் கணவர். அது சரியான யோசனை. வெப்பத்தாக்கம் என்று நினைத்து விட்டிருந்தால் பஞ்சுவைப் பழையபடியே வைத்திருப்போம். அக்கம்பக்கத்தில் முயல் வைத்திருப்பவர்களிடம் எச்சரிக்கை சொல்லவும் தோன்றியிருக்காது. உங்கள் முயல் திடீரென்று செத்தால், குறிப்பாக இளம் முயல் காரணம் தெரியாமல் செத்தால், வீட்டில் மற்றொரு முயல் இருக்கும் பட்சத்தில் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். முடிவு வந்தது, ஆர்.ஹெச்.டி. இரண்டாம் வகைதான்.

தோட்டத்தில் ரோஜாச் செடிக்குக் கீழே புதைக்க வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டாள். நர்ஸ் வேண்டாம் என்றார். செத்த முயலின் உடலில் இந்த வைரஸ் குளிர்ச்சியில் 7 மாதத்துக்கு மேலும் உயிரோடு இருக்குமாம். தனியாகத் தகனம் செய்து சாம்பல் வாங்க 95 பவுண்டு. மரக்கூண்டையும் வெளிக்கூட்டையும் தூக்கிப் போடச் சொன்னார்கள், ஏனென்றால் மரம் ஈரத்தை உறிஞ்சும், எவ்வளவு கழுவினாலும் நம்ப முடியாது. புதிதாகப் பிளாஸ்டிக்கிலும் கம்பியிலும் வாங்கியதில் 230 பவுண்டு. மொத்தம் 700 பவுண்டுக்கு மேல் போயிற்று. வேலைக்கு லீவு போட்டது தனி. அந்த இரண்டாவது ஊசிக்கு நான் பிறகு கொடுத்தது 45 பவுண்டு.

சுத்தம் செய்வதில் ஒரு விஷயம் முக்கியம். கைக்குத் தடவும் ஜெல், சாதாரண சோப்பு, கடையில் விற்கும் வாசனை ஸ்ப்ரே எதுவும் இந்த வைரஸை நம்பத்தக்க அளவில் கொல்லாது. முதலில் அழுக்கு, முடி, எச்சம் எல்லாவற்றையும் கழுவி எடுத்துவிட்டு, அப்புறம் ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, குறைந்தது பத்து நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். பிறகு நன்றாக அலசிக் காயவிட வேண்டும். அழுக்கின் மேலேயே ப்ளீச் ஊற்றினால் பயனில்லை. துணியில் காய்ந்து ஒட்டிய வைரஸ் அறை வெப்பத்தில் மூன்று மாதத்துக்கு மேல் தாங்கும் என்பதால் போர்வை, பாய் எல்லாவற்றையும் எறிந்தேன்.

பஞ்சுவுக்கு ஊசி தேடியதுதான் பெரிய அலைச்சல். ஒரு இடத்தில் ஸ்டாக் இல்லை, இன்னொரு இடத்தில் அடுத்த மாதம்தான் முயல் நாள். ஒரு ரிசெப்ஷனில், முயலுக்கு ஆர்.ஹெச்.டி. போட்டாகிவிட்டது என்றுதானே அட்டை சொல்கிறது என்று என்னிடமே வாதாடினார்கள். ராபிட் வெல்ஃபேர் அசோசியேஷன் அண்ட் ஃபண்ட் என்ற அமைப்பு, முயல் பார்க்கத் தெரிந்த மருத்துவமனைகளின் பட்டியல் வைத்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் கிராய்டன் தாண்டி ஓர் இடத்தைக் கண்டுபிடித்தேன். அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள்: "இந்த ஊசி வேலை செய்ய ஒரு வாரம் ஆகும். முயலுக்குள் வைரஸ் ஏற்கெனவே போயிருந்தால் ஊசி காப்பாற்றும் என்று உறுதி தர முடியாது." காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறது என்று பார்த்த பிறகே போட்டார்கள். மற்ற முயல்கள் இருக்கும் காத்திருப்பறைக்குள் வர வேண்டாம், காரிலேயே இருங்கள் என்று அவர்கள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் கவனம் உள்ள இடத்தை நம்பலாம்.

அந்த வாரம் முழுக்க இரவில் எழுந்து எழுந்து போய்ப் பஞ்சுவின் காதைத் தொட்டுப் பார்த்தேன். காலையில் எச்சம் இருக்கிறதா, ஹே குறைந்திருக்கிறதா என்பதே முதல் வேலை. மிளகு படுக்கும் மூலையில் போய்ப் பஞ்சு உட்கார்ந்துகொள்ளும். ஜோடியாக வளர்ந்த முயல் தனியானால் சாப்பாட்டை விட்டுவிடும் ஆபத்தும் உண்டு என்பதால் பயம் இரட்டிப்பாக இருந்தது. இன்னொரு முயலைத் துணைக்குக் கொண்டுவரவும் முடியாது. நோயிலிருந்து தேறிய முயலும் பல வாரங்களுக்கு வைரஸை வெளியே விட்டுக்கொண்டிருக்கலாம். பஞ்சு உள்ளுக்குள் நோயைத் தாங்கித் தப்பியதா, தொற்றவே இல்லையா என்பது தெரியாது. இரண்டாம் வகையில் சில முயல்கள் பிழைத்துக்கொள்வதும் உண்டு. பஞ்சு பிழைத்தது. அது போதும்.

ஒரு நாள் இரவு சாப்பிடும்போது மகள் கேட்டாள்: "நான் பறிச்சுக் குடுத்த இலையாலயாம்மா?" பூங்காவின் ஓரத்திலிருந்து டான்டேலியன் இலை பறித்து வந்து கொடுப்பது அவளுடைய வேலை. அந்தப் பக்கம் காட்டு முயல்கள் உண்டு. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இல்லடா கண்ணா என்று சொன்னதோடு நிறுத்தாமல், அந்த வைரஸ் எப்படியெல்லாம் வரும் என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். செத்த முயலின் மேல் உட்கார்ந்த ஈ கொண்டுவரும். நம் செருப்பில், நாயின் பாதத்தில், பறவையின் காலில், காரின் டயரில் ஒட்டி வரும். ஹேயிலும் வரலாம். எங்கள் வீட்டுக்கு எது கொண்டுவந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, மருத்துவரும் அதையேதான் சொன்னார். வீட்டில் சாவு விழுந்தால் பிள்ளைகள் தங்கள் மேலேயே பழியைப் போட்டுக்கொள்வார்கள். அது முயலின் சாவாக இருந்தாலும் அப்படித்தான். அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காமல் பேசிவிடுங்கள். மனிதர்களுக்கும் நாய் பூனைக்கும் இந்த நோய் வராது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவள் அதற்கும் பயந்துகொண்டிருந்தாள்.

எங்கள் முயல் வெளியே போகவே போகாது, அதற்கு எதற்கு ஊசி என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். வாசலில் செருப்பைக் கழற்றும் பழக்கம் நமக்கு இருக்கிறது, நல்லதுதான். ஆனால் தோட்டத்துக்குப் போட்டுக்கொள்ளும் செருப்போடு முயல் அறைக்குள் நடப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். முயல் இருக்கும் இடத்துக்கென்று தனிச் செருப்பு வையுங்கள். கோடையில் சன்னலுக்கு வலை போடுங்கள். ஈயையும் கொசுவையும் முழுதாக நிறுத்த முடியாது, ஊசிதான் உண்மையான காவல், மற்றதெல்லாம் அதற்குத் துணை.

மிக்ஸோமடோசிஸ் எங்களுக்கு வரவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 1953-ல் இந்த நாட்டுக்கு, கென்ட் பகுதியில்தான் முதலில் வந்தது. தெள்ளுப்பூச்சியும் கொசுவும் பரப்பும். கண் இமை, உதடு, பிறப்புறுப்பு எல்லாம் வீங்கி, கண் மூடிப்போய், நாட்கணக்கில் வதைத்துக் கொல்லும். ஊசி போட்ட முயலுக்கு வந்தாலும் பெரும்பாலும் லேசாக வந்து போகும். மெல்போர்னில் இருக்கும் என் தோழிக்கு அந்த வாய்ப்பும் இல்லை. காட்டு முயல்களைக் கட்டுப்படுத்த 1950-ல் அரசாங்கமே இந்த வைரஸைப் பரப்பிய நாடு ஆஸ்திரேலியா. இன்றைக்கும் அங்கே வளர்ப்பு முயலுக்கு மிக்ஸோமடோசிஸ் ஊசி போட அனுமதி இல்லை. ஆர்.ஹெச்.டி.க்கு மட்டும்தான் போடலாம். அவள் கொசுவலைக்குள்தான் முயலை வைத்திருக்கிறாள். ஆக, நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அந்த நாட்டு நிலவரத்தைக் கேளுங்கள். அமெரிக்காவில் 2021-ல் வந்த ஊசியை மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை போட வேண்டும், இங்கே போடுவது போல ஒன்றோடு முடியாது.

பிரிட்டனில் இப்போது நிலைமை நல்லது. 2020-ல் வந்த நோபிவாக் மிக்ஸோ-ஆர்.ஹெச்.டி. ப்ளஸ், மிக்ஸோமடோசிஸையும் ஆர்.ஹெச்.டி.யின் இரண்டு வகைகளையும் ஒன்றாகத் தடுக்கிறது. 5 வாரக் குட்டியிலிருந்து போடலாம். பாதுகாப்பு வர 3 வாரம் ஆகும், ஒரு வருடம் நிற்கும். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய மிக்ஸோ-ஆர்.ஹெச்.டி. ஊசி போட்ட முயலுக்கோ, மிக்ஸோமடோசிஸ் வந்து தேறிய முயலுக்கோ இந்தப் புதிய ஊசி போட்டால், ஆர்.ஹெச்.டி.க்கான எதிர்ப்புசக்தி சரியாக உருவாகாமல் போகலாம். பஞ்சு பழைய ஊசி போட்ட முயல். அதனால் அதற்கு ஃபிலாவாக்கும் தனியாக, இரண்டு வார இடைவெளி விட்டுப் போட்டோம், 2024-ல் வயதாகிப் போகும் வரை. காப்பகங்களிலிருந்து முயல் எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும், ஏனென்றால் அதன் பழைய கதை நமக்குத் தெரியாது. எங்களிடம் இப்போது இருக்கும் கடுகு அப்படி வந்ததுதான். அது எப்போதோ மிக்ஸோமடோசிஸ் வந்து தேறியதாகக் காப்பகத்தார் சொன்னார்கள், ஆகவே அதற்கும் இரண்டு ஊசிதான்.

ஊசிக்குப் போகும்போது முயலைப் பட்டினி போடாதீர்கள். கூடையில் ஹேயும் பிடித்த இலையும் வைத்துக் கொண்டுபோங்கள். ஜோடி முயல் என்றால் இரண்டையும் ஒரே கூடையில் கொண்டுபோனால் பயம் குறையும், வாசனை மாறித் திரும்பி வந்து சண்டையும் போடாது. போட்ட இடத்தில் சின்னக் கட்டி வரலாம், ஒரு நாள் கொஞ்சம் சோர்வாக இருக்கலாம், அது போய்விடும். சாப்பாட்டை அடியோடு நிறுத்தினால் மட்டும் உடனே கூப்பிடுங்கள். அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டியதும் அங்கேயே நின்று மூன்றையும் கேளுங்கள்: மிக்ஸோமடோசிஸ் இருக்கிறதா, ஆர்.ஹெச்.டி. ஒன்று இருக்கிறதா, ஆர்.ஹெச்.டி. இரண்டு இருக்கிறதா. மூன்றாவது கேள்விக்கு ரிசெப்ஷனில் தடுமாறினால் மருத்துவரிடமே கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. முயலுக்குக் காப்பீடு எடுத்திருந்தால் அதன் விதிகளையும் படியுங்கள். ஊசியால் தடுக்கக்கூடிய நோய் வந்து, ஊசி விட்டுப்போயிருந்தால் பணம் தர மாட்டோம் என்று பலவற்றில் எழுதியிருக்கும். ஊருக்குப் போகும்போது முயலை விடுதியில் விடுகிறவர்கள், அங்கே எல்லா முயல்களுக்கும் அட்டை பார்த்துத்தான் சேர்க்கிறார்களா என்று கேளுங்கள், பார்ப்பதில்லை என்றால் வேறு இடம் தேடுங்கள். பூஸ்டர் தேதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே போன் பண்ணிவிடுங்கள், ஸ்டாக் இல்லை என்றால் வேறு இடம் பார்க்க நேரம் இருக்கும்.